அடைத்து வைப்பதா? அளந்து கொடுப்பதா?

தேவகோட்டைப் பெருமக்களே!

போதையில் விழுந்தவரை மீட்பது சட்டமா, மருத்துவமா என்பது தலைப்பு. மருத்துவமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டார். "போதைக்காரனுக்கு அரசாங்கமே மாத்திரை கொடுக்கிறதா? திருடன் கையில சாவி கொடுத்த கதையால்ல இருக்கு!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நல்லா தட்டுங்க. ஆனா, அந்தச் சாவி எந்தப் பூட்டைத் திறக்குதுன்னு பார்த்துட்டுத் தட்டுங்க.

அபின், ஹெராயின், இளைஞர்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற சில வலி மாத்திரைகள், எல்லாம் ஒரே குணம். பழகிய உடம்புக்கு ஒரு வேளை கிடைக்காவிட்டால் எலும்பை முறுக்கும் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு. அதற்கப்புறம் அவன் தேடுவது சந்தோஷத்துக்காக அல்ல, வேதனை தாங்காமல். தேடிப்போன இடத்தில் கிடைப்பது என்ன? விற்கிறவனுக்கே உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொடி! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது, சாராயத்தில் கலந்த மெத்தனால். அமெரிக்காவில் அந்த எமன் வேலையைச் செய்தது ஃபென்டனில். ஹெராயினைவிட 50 மடங்கு வீரியம். 2021 முதல் 2023 வரை ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே போதைப்பொருள் மிஞ்சி இறந்தார்கள்.

"பிடிச்சு உள்ளே போடு" என்கிறது எதிரணி. விற்பவனைப் போடுங்கள், நானும் கூட வருகிறேன். விழுந்தவனைப் போட்டால்? சிறையில் சில மாதம் கிடைக்காமல் இருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுப்பான். மூச்சு நின்றுவிடும். விடுதலையான முதல் இரண்டு வாரம்தான் பெரிய கண்டம்.

இதற்கு மருந்து உண்டு. புப்ரினார்ஃபின், மெத்தடோன். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் செவிலியர் கண் முன்னாலேயே புப்ரினார்ஃபினை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விடுகிறார்கள். வேதனை அடங்கும்; ஊசி நிற்கும்; ஊசியோடு வரும் எச்.ஐ.வி.யும் நிற்கும், பையன் வேலைக்குப் போவான். ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "எத்தனை நாளைக்கு சார் இந்த மாத்திரை?" நான் சொன்னேன்: "நீங்க சர்க்கரைக்குப் போடுறீங்களே, அதை என்னிக்கும்மா நிறுத்துவீங்க?"

எதிரணி சட்டம் சட்டம் என்கிறதே, அந்தச் சட்டத்தைத்தான் நானும் கொண்டு வந்திருக்கிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 71-ஆவது பிரிவு. பதிவு செய்த அடிமைகளுக்கு மையங்கள் மூலம் அரசே மருந்து வழங்கலாம் என்கிறது. சட்டமே எங்கள் அணிக்கு வந்துவிட்டது, நடுவர் அவர்களே!

"அப்போ இதுவும் டாஸ்மாக் மாதிரிதானே?" என்பார்கள். இந்த ஊர்ப் பெரியவர்கள் கொண்டுவிக்கப் போன பர்மாவில் வெள்ளைக்காரன் உரிமம் கொடுத்து அபின் கடை நடத்தினான். அது வருமானத்துக்கு. கடைக்காரனுக்கு விற்பனை கூடினால் மகிழ்ச்சி. மருத்துவருக்கு அளவு குறைந்தால் மகிழ்ச்சி. கல்லாப்பெட்டியும் மருந்துச்சீட்டும் ஒன்றாகுமா?

கோளாறே வராதா? வரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தெருச்சரக்குக்குப் பதிலாக மருத்துவர் சீட்டில் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதில் கொஞ்சம் தெருவில் விலை போயிற்று. 2025 பிப்ரவரியில், இனி கண் முன்னால்தான் சாப்பிட வேண்டும் என்று மாற்றினார்கள். ஓட்டை விழுந்த குடத்தை அடைத்தார்கள். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

எதிரணி வள்ளுவரின் கள்ளுண்ணாமையைக் காட்டியது. அது 93-ஆவது அதிகாரம். இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளிப் போயிருக்கலாம், 95-ஆவது, மருந்து! அதில் வைத்தியத்துக்கு நான்கு பேர் கணக்குச் சொல்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, கூட இருந்து கொடுப்பவர். முதல் மூன்றுக்கும் அரசாங்கம் வழி செய்யும். நான்காவது ஆள் யார்? பெற்றவர்களே, நீங்கள்தான்! ஊருக்குத் தெரிந்தால் அவமானம் என்று பிள்ளையை அறைக்குள் பூட்டாதீர்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடுங்கள்.

பக்கத்தில் கண்டதேவித் தேரைப் பார்த்தவர்கள் நீங்கள். ஓடுகிற தேரின் குறுக்கே யாராவது விழுவார்களா? சக்கரத்துக்குக் கட்டை போடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித்தான் நிலைக்குக் கொண்டு வருவார்கள். அந்தக் கட்டைதான் இந்த மருந்து. செத்தவனை எந்தச் சட்டத்தாலும் திருத்த முடியாது. உயிரோடு இருந்தால்தான் திருந்துவான். உயிரோடு வைப்பது மருத்துவமே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.