பழைய தொழிற்சாலை சொல்லும் கதை



போர் அரும்பொருளகம் என்றதும் நம் மனக்கண்முன் என்ன தோன்றும்? பீரங்கி, துப்பாக்கி, வாள், தளபதிகளின் பதக்கங்கள். இவையும் காக்க வேண்டியவைதாம். ஆனால் ஒரு வட்டாரத்தின் வரலாறு இவற்றோடு முடிந்துவிடுகிறதா? இந்தக் கேள்வியோடு, சிங்கப்பூர் அப்பர் புக்கிட் தீமா சாலையிலுள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்கு ஒரு நடை போய் வருவோம்.

கார்களைப் பொருத்துவதற்காக இந்தத் தொழிற்சாலை 1941ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியது. மலாயா முழுவதும் அதன் கைக்குப் போனது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் மாலை, இந்தத் தொழிற்சாலையின் கூட்ட அறையில்தான் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யாமாஷித்தாவிடம் சரணடைந்து கையெழுத்திட்டார்.

அந்தக் கட்டடத்தின் முன்பகுதி காப்பாற்றப்பட்டு, 2006ஆம் ஆண்டில் காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது. உள்ளே போகிறவர்கள் முதலில் தேடுவது கையெழுத்திட்ட மேசையைத்தான். ஆனால் அசல் மேசை அங்கே இல்லை. அது ஆஸ்திரேலியாவில், கான்பரா நகரின் போர் நினைவகத்தில் இருக்கிறது. இங்கே இருப்பது அதைப்போல் செய்யப்பட்ட மேசை.

அசல் மேசை இல்லாத இடத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த மேசையில் இட்ட கையெழுத்துக்குப் பிறகு, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பட்ட பாடு இருக்கிறது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1945இல் போர் முடிந்ததும் அது வெறுங்காகிதமாயிற்று. அரிசிக்குத் தட்டுப்பாடு, மரவள்ளிக்கிழங்கே பல வீடுகளில் சோறானது. இந்த நினைவுகளைப் பதிவு செய்ய, சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவினர் 1981ஆம் ஆண்டு முதல் அக்காலத்தைக் கண்டவர்களை அமர்த்திப் பேசவைத்து, ஒலிநாடாவில் பிடித்து வைத்தார்கள். படைத்தலைவர்களின் குறிப்பேடுகளில் காண முடியாத குடும்பக் கதைகள் அவற்றில் உள்ளன.

இந்த நினைவு எத்தகைய உயிருள்ள பொருள் என்பதை 2017ஆம் ஆண்டு நடந்த ஒன்று காட்டியது. புதுப்பிக்கப்பட்ட காட்சிக்கூடத்துக்கு 'ஷோனான்' என்ற சொல்லைச் சேர்த்துப் பெயரிட்டார்கள். ஜப்பானியர் சிங்கப்பூருக்குச் சூட்டிய பெயர் அது. அந்தக் கொடிய காலத்தை நினைவூட்டவே அப்படிப் பெயரிட்டதாக விளக்கம் தரப்பட்டது. ஆயினும், உற்றாரை இழந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் காதால் கேட்பதே வேதனையாயிற்று. எதிர்ப்புக் கிளம்பியது. திறப்பு விழா நடந்து இரண்டே நாளில் பெயர் மாற்றப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் காயம் ஆறவில்லை என்பதை அனைவரும் உணர்ந்தார்கள். அரும்பொருளகத்தில் இருக்கும் நினைவுக்கு மக்களும் உரியவர்கள் அல்லவா?

நேயர்களே, நம் தமிழ்க் குடும்பங்களிலும் அப்படிப்பட்ட நினைவுகள் உண்டு. தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் சொன்னதுதான் அவர்களுக்கு மிஞ்சிய சான்று.

ஆகவே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை இத்தகைய அரும்பொருளகம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும், அக்காலத்தைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொன்னதை ஊர்ப்பெயரோடும் ஆட்பெயரோடும் எழுதி வையுங்கள். பெட்டியடியில் பழைய நோட்டோ, கடிதமோ, புகைப்படமோ கிடந்தால் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். அது யாருடையது, எப்படி வந்தது என்று ஒரு தாளில் குறித்து அதனோடு சேர்த்து வையுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளை கேட்கும்போது பதில் சொல்ல அந்தத் தாள் இருக்கும்.