வெள்ளி எங்கே இருக்கிறது? வால்மீனும் கோள்மீனும் நம் சொற்களும்



நான் வானியலாளன் அல்லன். என்னிடம் தொலைநோக்கி கிடையாது. பழைய இருகண்ணோக்கி ஒன்று மட்டும் உண்டு. எனினும் இத்தலைப்பை நானே விரும்பிக் கேட்டுப் பெற்றேன். அதற்குக் காரணம் கைப்பேசியில் வந்த ஒரு செய்தி.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 16, புதன்கிழமை. சூச்சின்ஷான்–அட்லஸ் என்னும் வால்மீன் அந்த வாரம் மாலை வானத்துக்கு வந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்தில் சீன வானாய்வகம் ஒன்றும் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியும் அதைக் கண்டறிந்தன. இரட்டைப் பெயர் வந்தது அதனால்தான். என் பழைய மாணவி ஒருவர், இன்று உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர், "எங்கே பார்ப்பது ஐயா?" என்று கேட்டிருந்தார். "பொழுது சாய்ந்து அரைமணி கழித்து மேற்கே பாருங்கள் அம்மா. முதலில் வெள்ளியைத் தேடுங்கள். கையை நீட்டிச் சாண் விரித்தால், வெள்ளிக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி, ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கும்" என்று விடை எழுதினேன். உடனே மறுமொழி வந்தது: "வெள்ளி வரை காத்திருக்க வேண்டுமா ஐயா? இன்றைக்குப் பார்க்க முடியாதா?"

அவரை எள்ளி நகையாட இதைச் சொல்லவில்லை. அவர் நல்ல ஆசிரியர். இதை இங்கே சொல்ல இசைவும் தந்தார். ஆனால் அந்த இரவு முழுவதும் அந்த ஒரு சொல்லே என் மனத்தில் நின்றது. நம் ஊரில் 'வெள்ளி' என்றால் முதலில் பணம். தேக்காச் சந்தையில் முருங்கைக்காயின் விலையைக் கேட்டால் வெள்ளியில்தான் சொல்வார்கள். அடுத்தது கிழமை. அதற்கும் அடுத்தது கொலுசும் குத்துவிளக்கும் செய்யும் உலோகம். கிழமைக்கே பெயர் தந்த அந்த வெண்ணிற மீன் நான்காம் இடத்துக்குப் போய்விட்டது. பலருக்கு அந்த நான்காம் இடமும் இல்லை. 'விடிவெள்ளியாகத் திகழ்ந்தார்' என்று எழுதாத மாணவர் கட்டுரையை நான் அரிதாகவே திருத்தியிருக்கிறேன். விடிவெள்ளியைக் கண்ணால் கண்ட மாணவரையும் அப்படி அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

சங்கப் புலவர்களுக்கு இவை உவமைக்காக மட்டும் வைத்திருந்த சொற்கள் அல்ல. புறநானூற்றின் 117ஆம் பாடலில் கபிலர், பாரியின் நாட்டு வளத்தைச் சொல்ல வந்த இடத்தில், மூன்று வான்குறிகளை அடுத்தடுத்து வைக்கிறார். ஒன்று மைம்மீன், அதாவது சனி. மற்றொன்று தூமம், அதாவது வால்மீன். மூன்றாவது தெற்கே சென்ற வெள்ளி. இம்மூன்றும் தீக்குறிகள் என்பது அக்கால நம்பிக்கை. அவை தோன்றினாலும் பாரியின் நாடு வளம் குன்றாது என்பது பாட்டின் கருத்து. நம்பிக்கையை விடுங்கள். அந்த அக்டோபர் மாலையில் மேற்கு வானின் தென்புறத்தில் வெள்ளி நின்றது. அதற்கு வலப்பக்கம் வால்மீன். திரும்பிக் கிழக்கே பார்த்தால் பாதி உயரத்தில் சனி. கபிலர் சொன்ன மூன்றும் சிங்கப்பூர் வானில் ஒரே நேரத்தில் இருந்தன. சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டைப் படமெடுத்தவர்களின் தலைக்கு மேலேதான் இருந்தன.

நான் மேற்குக் கடற்கரைப் பூங்காவுக்குப் போயிருந்தேன். மறுநாள் நிறைநிலா, ஆகவே நிலவொளி மிகுதி. மேகமும் இருந்தது. வெறுங்கண்ணுக்கு வால்மீன் தட்டுப்படவில்லை. இருகண்ணோக்கியில், மேகம் விலகிய சில நிமிடங்களில், விரலால் தேய்த்த சுண்ணக்கட்டித் தடம் போல ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான். ஆனால் அதன் வால் மேல்நோக்கி நின்றது. இதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். வால் என்ற சொல்லைக் கேட்டதும், ஓடும் விலங்கின் வால்போல அது பின்னால் இழுபடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. வால்மீன் எத்திசையில் சென்றாலும் அதன் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். சூரிய ஒளியின் அழுத்தமும் சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்றும் அதைத் தள்ளுகின்றன. சூரியன் மேற்கே மறைந்திருக்கும்போது வால் மேலே எழுவது அதனால்தான். வடமொழியின் 'தூமகேது' என்ற பெயரைப் பாருங்கள். தூமம் புகை, கேது கொடி. புகைக்கொடி! கொடி காற்று வீசும் பக்கம் பறக்கும். வாலைவிடக் கொடியே பொருத்தமான உருவகம் என்று, தமிழ்ப் பற்றைச் சற்றே ஒதுக்கிவைத்துச் சொல்கிறேன். கிரேக்கர் அதில் நீண்ட கூந்தலைக் கண்டனர். ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்தது. வால்மீனையும், நொடியில் எரிந்து விழும் எரிமீனையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை இன்றும் விடைத்தாள்களில் உண்டு. வால்மீன் நாள்கணக்கில், வாரக்கணக்கில் வானில் இருக்கும்.

இனிக் கோள்கள். பட்டினப்பாலையில் நாள்மீன், கோள்மீன் என்ற பாகுபாடு தெளிவாக இருக்கிறது. தம்முள் இடம் மாறாதவை நாள்மீன்கள். அவற்றிடையே இடம்பெயர்பவை கோள்மீன்கள். நம் நகரில் இந்தப் பாகுபாட்டைக் காட்டுவது கடினம். 2016இல் வெளிவந்த உலக இரவொளி வரைபடத்தின்படி, ஒளிமாசில் முதலிடம் சிங்கப்பூருக்கே. இங்கு வாழும் எவருடைய கண்ணும் இருளுக்கு முழுமையாகப் பழகுவதில்லை என்று அந்த ஆய்வு கூறியது. நாள்மீன்களில் பெரும்பாலானவை நமக்கு அழிந்துவிட்டன. ஆனால் கோள்மீன்கள் அழியவில்லை! வெள்ளியையும் வியாழனையும் எந்தத் தெருவிளக்கும் மறைக்க முடியாது. செவ்வாயும் சனியும் எளிதில் தெரியும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்குள் இருக்கும் நமக்கு இன்னொரு நற்பேறும் உண்டு. கோள்கள் செல்லும் பாதை இங்கே அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுகிறது. ஐரோப்பியர் அந்திவெளிச்சத்தில் தேடித் தவிக்கும் புதனை, நம்மால் உரிய வாரங்களில் கட்டடங்களுக்கு மேலே காண முடியும்.

பெயர்களே அடையாளம் சொல்கின்றன. வெள்ளி வெண்மையானது. செவ்வாய் செம்மையானது. மைம்மீன் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியாது, மங்கிய மஞ்சளே. ஆனால் வியாழனோடு ஒப்பிட்டால் அது ஏன் மங்கலானது எனப் பெயர் பெற்றது என்பது புரியும். மின்னுவது மீன் என்பர். கோள்மீன்கள் அவ்வாறு மின்னுவதில்லை, நின்று ஒளிரும். அவை நமக்குப் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டாக அமைவதால் காற்றின் அலைவு அவற்றை நடுங்கச் செய்வதில்லை. கட்டடத்தின் மேல் ஒன்று நடுங்காமல் நின்றால் அதைக் கோளெனக் கொள்ளலாம்; சாங்கியில் இறங்கும் விமானம்தானா என்று மட்டும் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

எங்கே தேடுவது? லிட்டில் இந்தியாக் கடைகளில் விற்கும் பஞ்சாங்கமே போதும். பலன் பற்றி நான் பேசவில்லை. இராசிக் கட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். வியாழன் ரிஷபத்தில் என்றால் உரோகிணியின் பக்கம் தேடுக. சிம்மத்தில் என்றால் மகம். விருச்சிகத்தில் என்றால் கேட்டை. உரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கும் நம் வெளிச்சத்தையும் மீறித் தெரிபவை. திருக்கணிதத்தின்படி சனி மீனத்துக்குச் சென்றது 2025 மார்ச் 29; திருநள்ளாற்றுக் கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி 2026 மார்ச். இக்கால வானியல் கணக்கை ஒட்டியது திருக்கணிதமே. சனிப்பெயர்ச்சிக்குக் கோயிலில் வரிசையில் நிற்பவர்கள், வெளியே வந்து சனியையும் ஒருமுறை பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வியாழன் வானத்தைச் சுற்றிவர ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு. தொடக்கநிலை ஒன்றில் அதைப் பார்க்கத் தொடங்கும் பிள்ளை, தொடக்கக் கல்லூரியை முடிக்கும்போது அது பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கக் காணும். ஹேலி வால்மீன் மீண்டும் வருவது 2061இல். அப்போது நான் இருக்கமாட்டேன். இந்த அரங்கின் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஐம்பது வயது கடந்திருக்கும்.

என் மாணவியின் செய்தி எப்படி முடிந்தது என்பதைச் சொல்லவில்லையே. அவர் உண்மையிலேயே வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தார். அன்றுதான் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு. எட்டுப் பேரைப் பள்ளியின் மேல்தளத்துக்கு அழைத்துச் சென்றார். மேகம் வால்மீனை விடவில்லை. வெள்ளி மட்டும் தெரிந்தது. திங்கட்கிழமை வந்த குறிப்பேடுகளில் ஒரு மாணவன் எழுதியிருந்தானாம்: "வெள்ளிக்கிழமை வெள்ளியைப் பார்த்தோம். ஒரு வெள்ளிகூடச் செலவாகவில்லை." அவர் அதற்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு, எனக்கும் படமெடுத்து அனுப்பியிருந்தார்.