பாட்டுக்குள் பேசும் ‘நான்’ யார்? சுசான் வேகாவின் மூன்று பாடல்கள்



தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூவிடம் பற்றி உரையாற்றுமாறு மன்றத்தார் கேட்டுக்கொண்டனர். எடுத்துக்காட்டுகளை இலக்கண நூல்களிலிருந்து திரட்டத் தொடங்கினோம். ஆனால் நம் மனம் திரும்பத் திரும்ப ஓர் அமெரிக்கப் பாப் பாடகியின் மூன்று பாடல்களிடமே சென்று நின்றது. தமிழ் மொழியியல் படித்தவருக்கு அங்கென்ன வேலை என்று தலைப்பைக் கண்டு சிலர் வியந்திருக்கலாம். காரணம் உண்டு, அது உரையின் பிற்பகுதியில் வரும்.

சுசான் வேகா 1959ஆம் ஆண்டு பிறந்தவர். நியூயார்க் நகரில் வளர்ந்தவர். அங்குள்ள பார்னார்டு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, கிதாரை மீட்டித் தாமே பாடுபவர். அவருடைய குரலில் ஆரவாரம் இல்லை. அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் நம்மிடம் ஏதோ சொல்வதுபோல் இருக்கும். அவருடைய முதல் இசைத்தொகுப்பு 1985இல் வெளிவந்தது. அதிலிருந்து தனிப்பாடலாக வெளியிடப்பட்டு, மறு ஆண்டு பிரிட்டனில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது ‘மார்லின் ஆன் தி வால்’ என்ற பாட்டு.

இதன் கதை எளிது. பழைய திரைப்பட நடிகை மார்லின் டீட்ரிக்கின் படம் ஓர் இளம்பெண்ணின் அறைச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அவளுடைய காதல்களையும் தோல்விகளையும் அந்தப் படம் ஏளனச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறது. வேகாவின் அறையில் அத்தகைய படம் உண்மையாகவே இருந்தது. எனவே இப்பாட்டில் ‘நான்’ என்பது ஏறக்குறைய எழுதியவரையே குறிக்கிறது. மூவிட ஆராய்ச்சிக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை, கடந்து செல்வோம்.

இரண்டாவது பாட்டு ‘டாம்ஸ் டைனர்’. நியூயார்க்கில் பிராட்வே சாலையும் 112ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் ‘டாம்ஸ் ரெஸ்டாரண்ட்’ என்றோர் உணவகம் உண்டு. வேகா படித்த கல்லூரிக்கு அருகில் உள்ளது. அதில் ஒருவர் காலையில் அமர்ந்து காப்பி குடிக்கிறார், நாளிதழைப் புரட்டுகிறார், சன்னல் வழியே மழையையும் தெருவையும் பார்க்கிறார். நாளிதழில் ஒரு நடிகரின் மரணச் செய்தி வருகிறது. அவர் 1981 நவம்பரில் இறந்த வில்லியம் ஹோல்டன். வேறெதுவும் நிகழவில்லை. பாட்டு அவ்வளவுதான்.

வேகாவுக்குப் பிரையன் ரோஸ் என்ற புகைப்படக் கலைஞர் நண்பராக இருந்தார். உலகைக் கண்ணாடித் தகட்டுக்கு இப்பாலிருந்து பார்ப்பதுபோலவே தமக்குத் தோன்றும் என்று அவர் ஒருமுறை சொன்னார். அந்தப் பார்வையைக் கடன்வாங்கி ஒரு பாட்டுக் கட்டிப் பார்த்தால் என்ன என்று வேகா எண்ணினார். ஆகவே உணவகத்தில் அமர்ந்திருக்கும் ‘நான்’ ஓர் ஆண். ஆனால் பாடும் குரல் பெண்குரல். ஆங்கிலத்தில் தன்மைப் பெயருக்குப் பால் வேறுபாடு இல்லை. தமிழிலும் இல்லை. ‘வந்தேன்’ என்று சொன்னவர் ஆணா பெண்ணா என்பதை அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. அதனால் கேட்டவர்கள் எல்லாரும் பாடியவரையே அங்கே அமர்த்திவிட்டார்கள். நம் அகப்பாடல்களில் இத்தகைய குழப்பம் நேர்வதில்லை. ‘தலைவி கூற்று’ என்று துறைக்குறிப்பு முன்னதாகவே சொல்லிவிடுகிறது. தலைவியாக நின்று பேசும் கபிலரைப் பார்த்து, இது உம் சொந்தக் கதையா என்று எவரும் கேட்டதில்லை.

இப்பாட்டுக்குப் பியானோ இசை சேர்க்கவேண்டும் என்பதே வேகாவின் முதல் எண்ணம். அவருக்கோ பியானோ வாசிக்கத் தெரியாது. வாசித்துத் தரும் ஆளும் அப்போது கைவசம் இல்லை. எனவே கருவி ஏதுமின்றி வெறுங்குரலில் பாடினார். 1987இல் வெளிவந்த ‘சாலிட்யூட் ஸ்டாண்டிங்’ என்ற தொகுப்பு அந்த வெறுங்குரலோடுதான் தொடங்குகிறது. மூன்றாண்டுகள் கழித்து, டிஎன்ஏ என்ற பெயரில் இயங்கிய பிரிட்டிஷ் இளைஞர் இருவர் அக்குரலுக்கு அடியில் நடனத்துக்குரிய தாளத்தைச் சேர்த்து, எவரிடமும் இசைவு கேளாமல் தட்டு அடித்து வெளியிட்டனர். வழக்குத் தொடுத்திருக்கலாம். வேகாவின் இசைத்தட்டு நிறுவனமோ அப்பதிவை விலைகொடுத்து வாங்கித் தானே வெளியிட்டது. அது பிரிட்டனில் 2ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 5ஆம் இடத்தையும் எட்டியது. இதில் ஒரு வேடிக்கை: மூலப்பாட்டின் இறுதியில் வேகா சொல்லின்றி முணுமுணுத்த அசைகளை எடுத்து, அவ்விளைஞர்கள் பல்லவியாக்கிவிட்டார்கள். பாட்டின் சொற்களை மறந்தவர்களும் அந்த அசைகளை மறக்கவில்லை. நம் நாட்டுப்புறப் பாடல்களின் ‘தன்னானே’ செய்யும் வேலை அதுவே.

இன்னொரு செய்தி, ஒலியியல் பயிலும் மாணவர்களுக்காக. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற பொறியியலாளரும் அவருடைய குழுவினரும் எம்பி3 எனப் பின்னர் பெயர்பெற்ற ஒலிச்சுருக்க முறையை உருவாக்கிக்கொண்டிருந்தனர். உரத்த ஓசை ஒன்று ஒலிக்கும்போது அதன் அருகே எழும் மெல்லோசையை நம் செவி உணர்வதில்லை. உணராத அதனை நீக்கிவிட்டால் பதிவின் அளவு சுருங்கும். இதுவே அம்முறையின் அடிப்படை. பல கருவிகள் சேர்ந்தொலிக்கும் இசையில் இது நன்றாகவே நடந்தது. ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை இட்டுப் பார்த்தபோது வேகாவின் குரல் சிதைந்து ஒலித்தது. குறைகளை மறைத்துக்கொள்ள அங்கே வேறு ஓசை இல்லை. ஒரே ஒரு குரல். அப்பாட்டைப் பிராண்டன்பர்க் எத்தனையோ முறை கேட்டுக்கேட்டுத் தம் முறையைச் சீர்செய்தார். பியானோ வாசிக்க ஆள் கிடைத்திருந்தால் இக்கதையே இல்லை.

மூன்றாவது பாட்டுக்கு வருவோம். ‘லூக்கா’, 1987. அமெரிக்காவில் 3ஆம் இடம் வரை சென்றது. வேகாவின் பாடல்களில் மிகப் பரவலாக அறியப்பட்டதும் இதுவே. கேட்டவுடன் தாளம் போடத் தோன்றும் மகிழ்ச்சியான மெட்டு. பேசுபவனோ அடிவாங்கும் ஒரு சிறுவன்.

வேகா குடியிருந்த கட்டடத்தில் லூக்கா என்ற பெயருடைய சிறுவன் ஒருவன் இருந்தான். மற்றப் பிள்ளைகள் கூடி விளையாட, அவன் சற்று விலகியே இருப்பான். வேகா எடுத்துக்கொண்டவை அவனுடைய பெயரும் அந்த விலகலும் மட்டுமே. அவன் வீட்டில் அப்படி ஏதும் நடந்ததாக அவர் சொல்லவில்லை; பாட்டின் கதை அவர் புனைந்தது. இவ்விடத்தில் நமக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. புனைந்த துன்பத்துக்கு மெய்யான ஒரு பிள்ளையின் பெயரை இடுவது சரிதானா என்பதை மாணவர்கள் வகுப்பில் விவாதிக்கலாம்.

மேல்மாடியில் இருக்கும் அச்சிறுவன் கீழ்வீட்டாரிடம் பேசுகிறான். இரவில் காதில் விழும் ஓசைகளைப் பற்றி விசாரிக்கவேண்டாம் என்கிறான். காயங்களுக்குத் தன் தடுமாற்றமே காரணம் என்பதுபோல் சொல்கிறான். மாடிக்கு மாடி அடுக்கி வாழும் நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மேல்வீட்டில் நாற்காலி நகர்வது நமக்குக் கேட்கிறது. வேறு சிலவும் கேட்கின்றன. மின்தூக்கியில் அவர்களைச் சந்திக்கும்போது சாப்பிட்டாயிற்றா என்று மட்டும் கேட்கிறோம்.

இலக்கணக் கண்கொண்டு பார்த்தால் பாட்டின் நடுவே ஒன்று நிகழ்கிறது. தொடக்கம் முதல் ‘நான்’, ‘என்’ என்று பேசிவந்த சிறுவன், அடி விழும் இடத்துக்கு வந்ததும் தன்மையைக் கைவிடுகிறான். அடிப்பவர் யாரென்று சொல்லாமல் படர்க்கைப் பன்மையால் மட்டும் குறிக்கிறான். அடிபடுவதும் அழுவதும் ‘நான்’ என்று வருவதில்லை. ‘நீ’ என்று வருகின்றன. ஆங்கிலத்தில் எவர்க்கும் பொதுவாக வழங்கும் முன்னிலை அது. அந்த முன்னிலைக்குப் பின்னால் பிள்ளை ஒளிந்துகொள்கிறான். கேட்பவர் எவரும் இதனைப் பிழையென்று எண்ணுவதில்லை; இடம் மாறியதைக் கவனிப்பதுகூட இல்லை.

இப்பாட்டை மொழிபெயர்க்க நாம் பலமுறை முயன்றிருக்கிறோம், முடித்ததில்லை. முதல் தடை, கீழ்வீட்டாரைச் சிறுவன் எப்படி அழைப்பான் என்பது. ஆங்கிலச் சொல் ஒன்றே. அதில் வயதும் இல்லை, மதிப்பும் இல்லை. தமிழில் ‘நீங்கள்’ என்றால் போதுமா? ‘அக்கா’ என்றால் நெருக்கம் வந்துவிடுகிறது. ‘ஆன்ட்டி’ என்றால் சற்றே தூரம். நெருக்கமும் தூரமும் ஒருங்கே வேண்டிய பாட்டு இது. வேகா இதனை ஸ்பானிய மொழியிலும் பாடிப் பதிவு செய்திருக்கிறார். அம்மொழியிலும் ஒருவரை விளிக்க உரிமை வடிவமும் மரியாதை வடிவமும் தனித்தனியே உண்டு.

ஆனால் இரண்டாம் தடை எனக் கருதிய இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுத்தது. ‘அழும்வரை அடிப்பார்கள்’ என்று எழுதினால் எழுவாயும் வேண்டாம், செயப்படுபொருளும் வேண்டாம். அடிப்பவர் யார், அடிபடுபவர் யார் என்பது சொல்லப்படாமலே தொடர் நிறைவுறுகிறது. மேலும், ‘அடிப்பார்கள்’ என்பது பலரையும் குறிக்கும். மரியாதை கருதி ஒருவரையும் குறிக்கும். பேச்சில் ‘அடிப்பாங்க’ என்கிறபோது நம் பிள்ளைகள் எத்தனை பேரைச் சொல்கிறார்கள்? பெற்றோரைப் பன்மையில் குறிக்கவேண்டும் என்று நாம் கற்றுத்தந்த பண்பு, அடித்தவர் எவர் என்பதையும் மறைத்துவிடுகிறது.

இனி, தொடக்கத்தில் தள்ளிவைத்த காரணம். இந்த உரை முழுவதும் ‘நாம்’ என்று பேசிவருகிறோம். மேடை மரபு அது, அடக்கம் என்பர். அதற்குள் ஒளிந்துகொள்ளவும் முடியும். கீழே வருவதைச் செய்தது ஒருவர்தாம்.

‘லூக்கா’ வானொலியில் ஒலிப்பதற்கு முந்திய ஆண்டு, நாம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தோம். உயர்நிலை ஒன்றாம் வகுப்பு. ‘மறக்க இயலாத நாள்’ என்ற தலைப்பில் கட்டுரை. பின்வரிசை மாணவன் ஒருவன் தன் நண்பனின் வீட்டில் நடந்ததை எழுதியிருந்தான். நண்பன் மதிப்பெண் குறைவாகப் பெற்றான், வீட்டுக்குச் சென்றான், அப்பா வந்தார்கள், கதவைச் சாத்தினார்கள். எல்லாம் படர்க்கையில் சீராக நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பத்தியில் ‘படிக்கட்டு வழியாகக் கீழே ஓடினேன்’ என்று எழுதியிருந்தான். அடுத்த வரியில் மீண்டும் ‘அவன்’.

நாம் ‘ஓடினேன்’ என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘இடவழு’ என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்தோம். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு வகைப்படும் என்று அவ்வகுப்புக்கு அந்த மாதந்தான் நடத்தியிருந்தோம். எடுத்துக்காட்டாக ஒரு பிழை கிடைத்ததில் மகிழ்ச்சிகூட இருந்தது. திருத்தம் எழுதிவரச் சொன்னோம். மறுநாள் அவன் அழகிய கையெழுத்தில் ‘ஓடினான்’ என்று மூன்றுமுறை எழுதிக் கொண்டுவந்தான். சரியென்று குறியிட்டுக் கொடுத்தோம்.

மறு ஆண்டு அப்பாட்டை வானொலியில் கேட்டபோது அவன் அப்பள்ளியில் இல்லை. குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. பாட்டின் நடுவே இடம் மாறியதும் நமக்கு அந்தச் சிவப்பு வட்டம் நினைவுக்கு வந்தது. வழுவைச் சொன்ன அதே இலக்கணம் வழுவமைதியையும் சொல்கிறது. ஓரிடத்துக்குரிய சொல் பிறிதோரிடத்தைத் தழுவி வருவதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. ‘அம்மா சொன்னால் கேட்கமாட்டாயா’ என்று மகனிடம் பேசும் தாய், தன்னையே படர்க்கையில் வைத்துப் பேசுகிறாள், அது பிழையன்று. மக்கள் ஏதோ ஒரு காரணத்தால் இடம் மாறிப் பேசுவர் என்பதை அறிந்தே நூலாசிரியர் அதற்கோர் இடம் வைத்தார். அந்த நூற்பாவும் நமக்கு மனப்பாடந்தான்.

ஆசிரியர்கள் சிலர், அப்படியானால் இடவழுவுக்கு மதிப்பெண் குறைக்கக்கூடாதா என்று கேட்கலாம். நாம் குறைத்தோம், ஓய்வுபெறும்வரை குறைத்தோம். தேர்வில் அது பிழையே. ஆனால் குறிப்பேட்டைத் திருப்பித் தருமுன், எழுதிய பிள்ளையைத் தனியே அழைத்து, அப்பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வோம். படிக்கும்போதே பெரும்பாலோர் சிரித்துக்கொண்டு தாமே திருத்திவிடுவார்கள், வெறுங் கவனக்குறைவு. அத்தனை ஆண்டுகளில் இரண்டு பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.