மாமாவோட படகும் நான் வெட்டிப் போட்ட ஃபியூஸும்

பழைய ரிமோட் படகு ஒன்னு கைக்கு வந்திருக்குன்னு போன எபிசோடுல சொல்லியிருந்தேன். "ஓடுச்சா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஓடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பொருளை எரிச்சேன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

படகு என் தாய்மாமாவோடது. 1993-ல துபாய்ல வேலை பார்த்தப்போ சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கினது. ரெண்டடி நீள ஃபைபர் படகு. உள்ள 540 சைஸ் பிரஷ் மோட்டார், 7.2 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி, 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட். ஊருக்குக் கொண்டுவந்து நாலஞ்சு தடவைதான் ஓட்டியிருப்பாரு. அப்புறம் கல்யாணம், வீடு, கடன். படகு பரண் ஏறிடுச்சு. அனுப்பானடி வீட்டை இடிச்சுக் கட்டுறப்போ போன் பண்ணாரு. "மாப்ள, ஓடுமான்னு பாரு. இல்லன்னா எடைக்குப் போட்டுருவோம்." எடைக்குப் போடுற ஆளோட குரல் இல்ல அது.

பேட்டரி வெள்ளை உப்பு பூத்துச் செத்திருந்துச்சு. ரிமோட்ல செல் கசிஞ்ச இடத்தை வினிகரும் பழைய டூத் பிரஷ்ஷும் வச்சுத் தேய்ச்சேன், உயிர் வந்துடுச்சு. வேகத்தைக் கட்டுப்படுத்துற பகுதிதான் அழகு. அதுல எலக்ட்ரானிக்ஸே கிடையாது. ஒரு சர்வோ சின்னக் கையை அசைக்கும், அந்தக் கை ரெசிஸ்டர் பட்டை மேல உரசிக்கிட்டு நகரும். பழைய ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி.

நான் என்ன பண்ணேன்? செத்த பேட்டரிக்குப் பதிலா ரெண்டு செல் லிப்போ போட்டேன். பழைய வயரெல்லாம் அழுக்கா இருக்கேன்னு வெட்டிட்டுப் புதுசா சாலிடர் பண்ணேன். அந்த வயர் நடுவுல ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருந்துச்சு. அதையும் சேர்த்து வெட்டினேன். ஆபீஸ்ல யாரோ எழுதின பழைய கோடு புரியலைன்னா டெலீட் பண்ணுவோமே, அதே திமிர்.

ஓட்ட எங்க போறது? வீட்டுல இருந்து வண்டியூர் தெப்பக்குளம் நடக்கிற தூரம். 1645-ல திருமலை நாயக்கர் வெட்டினது. எங்க சின்ன வயசுல தண்ணி இல்லாம நிலைத் தெப்பம் நடந்த வருஷங்கள் உண்டு, அந்தக் குளத்துக்குள்ள கிரிக்கெட்டே ஆடியிருக்கோம். இப்ப தண்ணி நிக்குது. இருந்தாலும் கோயில் குளத்துல சோதனை வேண்டாம்னு, மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணி வர்ற ஒரு கண்மாய்க்குப் போனோம்.

முதல் அஞ்சு நிமிஷம் சொர்க்கம். மாமா கையில ரிமோட், முகத்துல அந்த துபாய் பையன். அப்புறம் படகு ஆகாயத்தாமரை ஓரமாப் போச்சு. வேர் புரொப்பெல்லர்ல சுத்திக்கிச்சு. சுத்துற மோட்டார் எடுக்கிற கரண்ட்டை விட, பூட்டிக்கிட்டு நிக்கிற மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். லிப்போ கேட்டதைத் தயங்காம கொடுக்கும். தடுக்க நடுவுல ஃபியூஸ் இல்ல. மாமா ஸ்டிக்கைக் கீழ இறக்கினாரு, ஆனா கன்ட்ரோலர் கை உருகி ஃபுல் ஸ்பீடுலயே ஒட்டிக்கிச்சு. கரையில இருந்து நாப்பது மீட்டர் தூரத்துல புகை.

லிப்போ தீப்பிடிச்சா ஃபைபர் படகு மிஞ்சாது. நல்லவேளை, என் சாலிடர் கழண்டு தானா கட் ஆச்சு. மோசமா சாலிடர் பண்றதுல ஒரு லாபம் இருக்கு பாருங்க. மீன் பிடிக்கிற அண்ணன் ஒருத்தர் தெர்மாகோல் மிதவையில போய் எடுத்துட்டு வந்தாரு. தெர்மாகோல்னதும் சிரிக்காதீங்க, நம்ம ஊர்ல அதுக்கு நிஜமாவே ஒரு பயன் இருக்கு.

மாமா திட்டல. கருகின பட்டையைத் தடவிப் பார்த்துட்டு, "இதுல ஒரு ஃபியூஸ் இருக்குமே மாப்ள"ன்னாரு. அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலை.

திரும்ப ஆரம்பிச்சேன். இந்தத் தடவை பழசு எது ஏன் இருக்குன்னு பார்த்துட்டுத்தான் கை வச்சேன். ஆச்சரியம் என்னன்னா, முப்பது வருஷ சர்வோவை இன்னைக்கு வாங்கின 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்ல சொருகினா வேலை செய்யுது. ரெண்டும் ஒரே பாஷை பேசுதுங்க: ஒன்னரை மில்லி செகண்ட் பல்ஸ்னா நடு, ஒன்னுன்னா ஒரு ஓரம், ரெண்டுன்னா மறு ஓரம். நாம பேக்வர்ட் கம்பேட்டிபிலிட்டி பத்தி மீட்டிங் மீட்டிங்கா பேசுறோம், இவங்க சத்தமே இல்லாம செஞ்சிருக்காங்க.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு சொருகாதீங்க. பழைய சர்வோ 4.8 வோல்ட்டுக்குப் பிறந்தது. புது ஸ்பீடு கன்ட்ரோலர் சிலது ஆறு வோல்ட் தள்ளும், அதனால அஞ்சு வோல்ட் கொடுக்கிறதா பார்த்து வாங்கினேன். சில பழைய கம்பெனி பிளக்ல வயர் வரிசையே வேற, மல்டிமீட்டர் வச்சுப் பார்த்துக்கோங்க. பிரஷ் மோட்டார் தீப்பொறி ரேடியோவைக் குழப்பும். 104-ன்னு எழுதின செராமிக் கெப்பாசிட்டர் மூணு மோட்டார்லயே சாலிடர் பண்ணேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைத் தண்ணி குடிச்சுடும், அதனால ஆன்டெனா நுனியை ஒரு ஸ்ட்ராவுக்குள்ள விட்டு நட்டமா நிறுத்தினேன். சிக்னல் போனா மோட்டார் நிக்கிற மாதிரி ஃபெயில்சேஃப் வச்சு, கரையிலயே ரிமோட்டை அணைச்சு சோதிச்சேன். பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதே 7.2 வோல்ட். கொஞ்சம் மெதுவா போகுது, போகட்டும். ஃபியூஸ் திரும்ப வந்தாச்சு.

மாமா கேட்டது ஒன்னே ஒன்னு. "கையில பிடிக்கிறது மட்டும் அதுவா இருக்கட்டும்." அதனால ரிமோட் பெட்டியைத் திறந்து 27 மெகாஹெர்ட்ஸ் போர்டைக் கழட்டி பத்திரமா எடுத்து வச்சேன். ஸ்டிக்குக்குக் கீழ இருக்கிற ரெசிஸ்டரை ஒரு ஆர்டுயினோ படிக்குது, அது ஒரு 2.4 மாட்யூலுக்குச் சொல்லுது. மொத்தம் அறுபது வரி கோடு. ரேடியோவால எதையாவது ஓட்டலாம்னு 1898-ல நியூயார்க்ல ஆள் கூட்டிக் காட்டின டெஸ்லா கையில எடுத்ததும் படகுதான். அதை மாமாகிட்ட சொன்னேன். "அவருக்கு ஆகாயத்தாமரை இல்ல"ன்னுட்டாரு.

போன ஞாயித்துக்கிழமை அதே கண்மாய்ல இருபது நிமிஷம் ஓடுச்சு. அந்த நீள ஆன்டெனாவுக்கு இப்ப வயரே போகல. மாமாவுக்கும் தெரியும். இருந்தாலும் அதை முழுசா இழுத்து விட்டுட்டுத்தான் சுவிட்சைப் போடுறாரு.

ஆர்டுயினோ கோடு கேட்டவங்களுக்கு அடுத்த வாரம் வரி வரியா சொல்றேன். வரட்டா?