உயிர் போகும் நேரத்தில் வரும் வண்டி, உயிர் காக்கவும் வரட்டும்

(தம்பலகாமத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

ஊன்றுகோலிலும் சக்கர நாற்காலியிலும் வந்து முன்வரிசையில் இருக்கும் சகோதர சகோதரிகளே, வர முடியாமல் வீட்டுத் திண்ணையில் கிடந்தபடி இந்த ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மாரே!

வர முடியாதவர்களை மரியாதைக்காக நான் விளிக்கவில்லை. இன்றைக்கு நான் பேச வந்ததே அவர்களுக்காகத்தான்.

இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். உலகமே மெச்சும் ஏற்பாடு அது. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசல்வரை போகிற செலவை யார் கொடுப்பது? கள்ளிமேட்டில் பாரிசவாதத்தில் விழுந்தவருக்கும், சிப்பித்திடலில் காலை இழந்தவருக்கும், முள்ளிப்பொத்தானையில் சிறுநீரகம் பழுதானவருக்கும் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நடக்கக்கூடியவனுக்கு அது ஒரு பஸ் பயணம். நடக்க முடியாதவனுக்கு இலவச வைத்தியம் அந்த 25 கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துபோகிறது.

கிளினிக் நாள் என்றால் என்னவென்று இங்கே இருக்கிற தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரதான வீதியில் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம்முடையது வயலுக்கு நடுவே திடல், திடலின் மேல் வீடு. மாரி பெய்தால் வீட்டுக்கும் தார் றோட்டுக்கும் இடையில் முழுவதும் சேறு. முந்தின நாளே ஓட்டோக்காரத் தம்பியிடம் சொல்லிவைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும். விடியச் சாமத்தில் அப்பாவைக் கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, சரிந்து விழாதபடி ஒரு பழைய சாறத்தால் இடுப்பைக் கதிரையோடு சேர்த்துக் கட்டி, ஒழுங்கை முழுக்கத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஓட்டோவுக்குள் ஏற்றும்போது வாதம் பிடித்த கால் உள்ளே வராது. மகள் குனிந்து அந்தக் காலை இரண்டு கையாலும் மடக்கி உள்ளே வைப்பாள். சிறுநீர்க் குழாய் போட்டவர் என்றால் அந்தப் பையைக் கால்மாட்டில் தூக்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரிவரை போவாள். அங்கே நம்பர் எடுத்து, மதியம்வரை காத்திருந்து, டொக்டருக்கு முன்னால் சில நிமிடம் இருந்து, ஒரு மாத மருந்தை வாங்கிக்கொண்டு அதே பாட்டைத் திரும்பவும் பட்டு வீட்டுக்கு வந்த பிறகு அந்த மனிதர் சொல்வார்: “அடுத்த மாசம் நான் வரல்ல மகள். உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்.”

அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. மருந்து முடிகிறது, பிரஷர் ஏறுகிறது, இரண்டாவது தடவை வாதம் அடிக்கிறது. சலரோகக்காரர் புண்ணுக்குக் கட்டுப் போட வராமல் நிற்கிறார். விரலில் இருந்த புண் காலுக்கு ஏறி, காலையே எடுக்க வேண்டி வருகிறது. வாதம் வந்தவருக்கு முதல் சில மாதங்களில் செய்கிற இயன்மருத்துவம்தான் கூடிய பலன் தரும். அந்த மாதங்கள் வண்டி இல்லாமலே கழிந்துவிடுகின்றன. குருதிச் சுத்திகரிப்பில் ஒரு தவணை தவறினால் உடம்பில் நீர் கோத்து நெஞ்சு அடைக்கும். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே பிசகும். அப்போதுதான் 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைப்புப் போகிறது. வண்டியும் வருகிறது.

அந்த வண்டியை அனுப்புகிற சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை நான் குறை சொல்ல வரவில்லை. 2016இல் இந்திய அரசின் நன்கொடையில் 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் தனி மன்றமாகி, 297 வண்டிகளோடு நாடு முழுதும் பரந்த சேவை அது. அதில் ஓடுகிற பிள்ளைகள் எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறார்கள். ஆனால் அது அவசரத்துக்கு உரியது. கிளினிக்குக்குப் போக அதைக் கூப்பிடக் கூடாது, கூப்பிடவும் மாட்டோம். “1990 இருக்கிறதே, பிறகென்ன?” என்று கேட்கிற அதிகாரிகளுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: சாகக் கிடக்கும்போது வாகனம் அனுப்புகிற அரசுக்கு, அந்த நிலை வராமல் தடுக்க மாதத்துக்கு ஒரு தடவை வாகனம் அனுப்பவும் கடமை உண்டு.

அடுத்து, “உதவிப்பணம் கொடுக்கிறோமே” என்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். 2025 வரவுசெலவுத் திட்டம் சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதக் கொடுப்பனவை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. நன்றி. ஓட்டோவுக்குக் கிலோமீட்டருக்கு 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். போக வர 50 கிலோமீட்டர், 5,000 ரூபாய். கிழமைக்கு இரண்டு தடவை குருதி சுத்திகரிப்பவருக்கு மாதத்துக்கு எட்டுப் பயணம், 40,000 ரூபாய். அரசு தருகிற பணம் இரண்டு பயணத்துக்குத்தான் காணும். மிச்சம் ஆறு பயணத்துக்கு மாட்டை விற்பதா, காணியை ஈடு வைப்பதா, வட்டிக்கு வாங்குவதா? சோறு? மருந்துக்கடையில் வாங்க எழுதித் தருகிற மருந்து?

மூன்றாவது பதில்தான் எனக்குக் கூடிய கோபத்தைத் தருகிறது. “பெற்றவர்களைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். இது குடும்பத்தின் கடமை” என்கிறார்கள். பார்க்கவில்லை என்று யார் சொன்னது? காலை மடக்கி வைத்த அந்தப் பிள்ளை பார்க்கவில்லையா? அன்றைய கூலியை இழந்து, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தி, முதுகு நோகத் தூக்கியவளுக்கு நீங்கள் கடமை சொல்லித் தருகிறீர்களா? 2009 ஒக்டோபர் 20ஆம் திகதிவரை கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு நோயாளியைப் பாதைப் படகில் ஏற்றித்தான் கடலைக் கடந்தோம். பிறகு 396 மீட்டரில் பாலம் வந்தது. “கடலைக் கடப்பது குடும்பத்தின் கடமை, அவரவர் நீந்திக்கொள்ளட்டும்” என்று சொல்லி யாரும் பாலம் கட்டாமல் விட்டார்களா? இடைவெளியை அடைப்பதற்குத்தான் அரசு இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் நடுவே இருப்பதும் அப்படி ஓர் இடைவெளிதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். தேர்தல் வந்தால், நடக்கவோ பஸ்ஸில் ஏறவோ முடியாத வாக்காளர் தெரிவத்தாட்சி அலுவலருக்கு விண்ணப்பித்து, விசேட வாகனத்தில் வாக்குச்சாவடிக்குப் போக அனுமதி பெறலாம். நம்முடைய தேர்தல் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆகவே, பஸ்ஸில் ஏற முடியாத மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பது இந்த அரசுக்குத் தெரியும். அவருக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்பதும் தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை வாக்குக்குத் தெரிகிற அந்த மனிதர், மாதா மாதம் மருந்துக்கு ஏன் தெரியாமல் போகிறார்?

“காசில்லை” என்பது கடைசிப் பதில். பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சலுகைக் கட்டணத்தில் ‘சிசு செரிய’ பஸ் ஓடுகிறது. இலாபம் இல்லாத கிராமத்துப் பாதைக்குக் ‘கெமி செரிய’, இரவுக்கு ‘நிசி செரிய’. இவற்றுக்கெல்லாம் அரசுதான் மானியம் கொடுக்கிறது. நல்ல காரியம், கொடுக்கட்டும். அந்தப் பட்டியலில் நோயாளிக்கு ஒரு வரி எழுதினால் திறைசேரி கவிழ்ந்துவிடாது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கிளினிக் மருந்தைத் தபால் திணைக்களத்தின் மூலம் வீட்டுக்கே அனுப்பினார்கள். தபால்காரர் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது? காலை வெட்டுகிற சத்திரசிகிச்சைக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தி வைப்பதற்கும் ஆகிற செலவை ஒரு வானின் டீசல் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிக்கனம் எந்தப் பக்கம் என்று தெரியும்.

சட்டம் இல்லையா? நிறைய இருக்கிறது. வலதுகுறைந்தோர் உரிமைச் சட்டம், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கம். அணுகு வசதி ஒழுங்குவிதிகள், 2006. 1992இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடி, 2011இல் பொதுக் கட்டடங்களுக்கு அணுகு வசதி வேண்டும் என்ற கட்டளையைப் பெற்றுத் தந்தார். 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்றது. கிராமம் உட்பட மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே சுகாதார சேவை கிடைக்க வேண்டும் என்று அதன் 25ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் சாய்தளம் கட்டியாயிற்று என்கிறார்கள். சாய்தளம்வரை வர வழி?

ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் திகதி மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மேடை போடுகிறோம். மாலை போட்டு, படம் எடுத்து, சக்கர நாற்காலி கொடுக்கிறோம். அந்த நாற்காலி முற்றத்து மணலில் புதைந்து நிற்கிறது. இ.போ.ச. பஸ்ஸின் படியோ முழங்கால் உயரம். நாற்காலி கொடுத்த அன்றே அதை ஏற்றுகிற வாகனத்தையும் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சலரோக மருந்தும் இயன்மருத்துவமும் வீட்டுக்கே போகின்றன. கேரளத்தில் 2008இல் நோய்த்தணிப்புக் கொள்கை வந்த பிறகு, கிராமப் பஞ்சாயத்துகளே தாதியை வாகனத்தில் ஏற்றி வீடு வீடாக அனுப்புகின்றன. இங்கிலாந்தில் அவசரமில்லாத நோயாளருக்குத் தனிப் போக்குவரத்துச் சேவையே உண்டு. பணக்கார நாட்டை விடுங்கள். கேரளத்துப் பஞ்சாயத்துச் செய்வதை நம் பிரதேச சபை செய்ய முடியாதா? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் மக்களின் வசதியையும் நலனையும் சபையின் கையில்தான் கொடுத்திருக்கிறது.

ஊராரிடமும் ஒன்று கேட்கிறேன். நம்முடைய ஊர்களில் மரண உதவிச் சங்கம் உண்டு. பள்ளிவாசலில் ஜனாஸா சுமக்கும் சந்தக்கு உண்டு. ஒருவர் கண்ணை மூடினால் பந்தலும் கதிரையும் வாகனமும் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும். அந்த ஒற்றுமை உயிரோடு இருக்கிறவருக்கும் வேண்டும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது திருவுருவங்களை ஒளித்துக் காத்து, இங்கே கொண்டுவந்து ஆதிகோணநாயகராக எழுந்தருளச் செய்தார்கள் என்பது நம் பெரியோர் சொல்லும் வரலாறு. தெய்வத்தைத் தோளில் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தாய் தகப்பனைச் சுமக்க ஒரு வண்டி கேட்பதற்குக் கூச்சப்படலாமா?

எங்கள் கோரிக்கை நான்கு. ஒன்று: தம்பலகாமம் பிரதேசத்துக்குச் சாய்தளமும் நாற்காலியைப் பூட்டும் வசதியும் உள்ள ஒரு வான், சாரதியோடும் தூக்கி இறக்கத் தெரிந்த உதவியாளரோடும். இரண்டு: ஒரே கிராமத்து நோயாளருக்கு ஒரே நாளில் கிளினிக் தவணை, அப்படிக் கொடுத்தால் ஒரு வான் பல பேரை ஏற்றும். மூன்று: கூட்டிப்போகிற வான் திருப்பிக்கொண்டு வந்தும் விட வேண்டும். நான்கு: மருந்து மட்டும் தேவைப்படுகிறவருக்கு 2020இல் போல மருந்து வீட்டுக்கே வர வேண்டும். நாங்கள் பிச்சை கேட்கவில்லை. வரி கட்டுகிற குடிமக்கள் உரிமையைக் கேட்கிறோம்.

வாலிபர்களே, நாளையிலிருந்து வேலை இருக்கிறது. ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் பஸ்ஸில் ஏற முடியாதவர் யார், எந்தக் கிளினிக், எந்த நாள் என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். தமிழ், முஸ்லிம், சிங்கள வீடு என்று பாராமல் எழுதுங்கள். வாதத்துக்கு இனம் தெரியாது. அந்தப் பட்டியல் பிரதேச சபைக்கும் பிரதேச செயலாளருக்கும் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளருக்கும் போகட்டும். 2025 மே மாதம் எங்கள் வாசலுக்கு வந்து வாக்குக் கேட்ட சபை உறுப்பினர்களே, வரவுசெலவுத் திட்டம் வாசிக்கிற அன்று நாங்கள் பார்வையாளராக வருவோம். நடக்க முடியாதவர்களைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் இருத்துவோம். அவர்களின் முகத்தைப் பார்த்துக் கையை உயர்த்துங்கள், அல்லது உயர்த்தாமல் இருங்கள். யார் உயர்த்தினார், யார் உயர்த்தவில்லை என்பதை ஊர் எழுதி வைத்துக்கொள்ளும்.