ஸ்பிரிங்கை மாற்றலாமா?

பாசிர் ரிஸ் பூங்காவில் பஞ்சு அம்பு எய்யும் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடும் மகன், "அப்பா, அம்பு இன்னும் தூரம் போகணும், கெட்டியான ஸ்பிரிங் போட்டுக் கொடுங்க" என்று கேட்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனால் இலேசான அம்பைக் காற்று தடுப்பதால், தூரம் அந்த அளவுக்குக் கூடாது. கிட்டத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கோ முழு அடியும் விழும். இவ்வகை அம்பு பட்டுக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்த மூவரைப் பற்றி 2017-இல் லண்டன் மருத்துவர்கள் எழுதியுள்ளனர்.

குறி தப்புவதற்கு வளைந்த, நசுங்கிய அம்பும் காரணமாகும். முதலில் அதை மாற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிவியுங்கள். முகத்தைக் குறிபார்க்கக் கூடாதென்று சொல்லி வையுங்கள். ஸ்பிரிங் இருந்தபடியே இருக்கட்டும்.