முதுவாய் என்றால் வாய்தான்

உப்பளக் கரையில் கூடிய தமிழ் அவைக்குத் தலைமை தாங்குவது யாருக்கும் பெருமைதான். பழம்பாட்டைப் பற்றிப் பேசும்போது பாத்தியில் இறங்கி உப்பு வாரியவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் உதறலும் எடுக்கும். கூனிமேட்டில் இன்று தலைவர் நாற்காலிக்கு இரண்டும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

கருத்தரங்கின் பொருள், அனுபவமுள்ளோரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள். அனுபவசாலி வடமொழி வழி வந்தவர்; பட்டறிவாளர் தனித்தமிழ் வழி; கைதேர்ந்தவர் தொழில் வழி; பழம் தின்று கொட்டை போட்டவர் திண்ணை வழி. இந்த வரிசை அவை அறிந்ததே. மற்றதைக் கட்டுரையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

யாரும் சீந்தாத சொல் ஒன்று உண்டு: முதுவாய்.

ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெற்றவன் எதிர்ப்பட்ட இரவலனை அப்படித்தான் அழைக்கிறான். அதே பாட்டு சொல்லும் எயிற்பட்டினம், இங்கிருந்து வடக்கே உள்ள மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு. ஆக, சொல் உள்ளூர்க்காரருக்கும் சொந்தம்.

‘வாய்’ என்பதை வாய்த்தல் என்று பிரித்து, பேரறிவு வாய்த்தவன் என்று பொருள் சொல்வோர் உண்டு. அவர்கள் புலமைக்கு வணக்கம். ஆனால் இந்த அடைமொழி யார் யாருக்குக் கிடைத்தது என்று பார்க்க வேண்டாமா? அகநானூறு 22இல், மகளின் நோய்க்கு முருகனைக் காரணம் காட்டும் பெண்டிருக்கு. குறுந்தொகை 362இல் வெறியாட வந்த வேலனுக்கு. நற்றிணை 200இல், அகன்ற தெருவில் திருவிழாவை அறிவித்துப் போகும் குயவனுக்கு. ஏட்டுப் படிப்பு இவர்களை இணைக்கவில்லை. ஊர் கூடி நின்று கேட்கும்படி சொல்லிச் சொல்லிப் பழுத்த வாய் இணைக்கிறது.

பட்டினப்பாலையில் வரும் ‘முதுவாய் ஒக்க’லை மறுப்பாளர்கள் கையில் வைத்திருப்பார்கள். சுற்றத்தார் எதை அறிவித்தார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒக்கல் விழா நடக்கும் மூதூருக்கு வந்து கூடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசுவோர் கலந்து வாழ்வதற்கு அதுவே உவமை. வாய்க்கு அங்கேயும் வேலை இருக்கிறது.

இந்த உப்பளத்திலும் அப்படிப்பட்ட வாய் உண்டு. பாத்தியில் அடர்த்திமானி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு உட்காரத் தொடங்கும்; 30 நெருங்கினால் மக்னீசியக் கசப்பு ஏறும், நீரை வடித்துவிட வேண்டும். பழகியவர் மானியை எடுப்பதற்கு முன்பே, நீர்மேல் மெல்லிய உப்பேடு படர்வதைக் கண்டு “வாரலாம்” என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பலகைகள் பாத்தியில் இறங்கும். அவரைப் ‘பேரறிவு வாய்த்தவர்’ என்று சொன்னால் அவரே சிரிப்பார். முதுவாய் என்றால் பொருந்தும்.

உரையாசிரியரை மேற்கோள் காட்டியே சொல்லாய்வை முடிப்பவர்கள் பிற்பகல் அமர்வில் மறுக்கலாம். ஒக்கலிலிருந்து தொடங்காமல், குயவனிலிருந்து தொடங்கட்டும்.